சூளைப் பஞ்சு

விருத்தகிரிக்கு வெயில் தெரியாது. சிலருக்குக் கண் தெரியாது, சிலருக்குக் காது கேட்காது என்று சொல்வதில்லையா, அதுபோல இவருக்கு வெயில் தெரியாது. முப்பது வருஷம் சூளை முன்னால் நின்ற உடம்பு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில், கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் சாமான்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர்தான் சூளை மேஸ்திரி. சூளைக் கதவில் இருக்கும் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "ஆயிரத்து நூத்தி எம்பது இருக்குது, இன்னும் அரை மணி நேரம் வுடு" என்பார். மீட்டரில் ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு காட்டும். அப்போது முதலாளியே மீட்டரைத்தான் சந்தேகப்படுவார், அவரை அல்ல. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "ஏங்க, ரூமுல அனல் தாங்கல" என்று பெண்டாட்டி சொன்னால் என்ன நடக்கும்? சிரிப்பார்.

"இதெல்லாம் ஒரு சூடா? ஒரு நாளைக்கு எங்க சூளைகிட்ட வந்து நின்னு பாரு."

இந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கோடைகளை ஓட்டிவிட்டார்.

அவர் மனைவி நீலாவதிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு. பனியில் கொஞ்சம், வெயிலில் அதிகம். அவர்கள் வீடு பெண்ணாடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காலி மனைகளுக்கு நடுவில் இருந்தது. நிழலுக்கென்று பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. கட்டும்போதே தளத்தின் மேல் ஓடு பதித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் விருத்தகிரி. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் படுக்கையறைச் சீலிங்கிலிருந்து அனல் இறங்கும். வெயில் தாழ்ந்த பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். நீலாவதி தரையில் தண்ணீர் தெளிப்பாள், ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொள்வாள், ஃபேனுக்குக் கீழே போய் உட்காருவாள். அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், ஃபேனும் கைவிட்டது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் காவியா, ஏசி வாங்கி அனுப்புகிறேன் என்றாள். "கரண்டே இல்ல, ஏசிய வெச்சி மாலையா போடுறது?" என்று போனிலேயே சிரித்தாள் நீலாவதி. சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பேப்பருக்குள் வைத்து வந்த ஒரு நோட்டீஸை அவள் மடித்து அலமாரியில் வைத்திருந்தாள். மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்பு வேலை செய்து தரப்படும் என்று போட்டு, நெய்வேலி நம்பர் ஒன்று கொடுத்திருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் புருஷனைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம், அந்த நம்பருக்குப் போன் போட்டதுதான்.

வந்தவர் பெயர் மதிவாணன். நாற்பது வயது இருக்கும். நேராக மாடிக்கு ஏறிப்போய், செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தளத்தில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். கீழே வந்து ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் எந்தப் பக்கம், காற்று எப்போது வரும், யார் எங்கே படுப்பீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். உடம்புக்கு எப்படியம்மா இருக்கிறது என்றும் கேட்டார். நீலாவதியிடம் ஒருவர் இப்படி நின்று நிதானமாகக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

"ஏசியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. மேல தளம் கொதிக்கறப்ப ஏசி போட்டா அது நிக்காம ஓடும், ரூமும் குளிராது, மீட்டர்தான் சுத்தும். மொதல்ல வெயில மாடியிலயே நிறுத்தணும். ஈரம் எறங்காத மாதிரி ஒரு பூச்சு, அதுக்கு மேல ஃபோம் ஷீட்டு, அதுக்கு மேல காரை, கடைசியா வெள்ள டைல்ஸு. அப்புறம் பாருங்க, ஒரு ஃபேனே போதும்."

எத்தனை நாள் வேலை என்று கேட்க அவள் வாயெடுத்த நேரத்தில், விருத்தகிரியின் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

"யாரு இவுரு?"

"மாடிக்கு வெப்பம் எறங்காம பண்றவருங்க. நான்தான் வரச் சொன்னேன்."

விருத்தகிரி மதிவாணனை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி டிகிரிக்கு வேலை பண்ணியிருக்கீங்க?"

"வூடுதான சார். நாப்பது, நாப்பத்திரண்டு இருக்கும்."

"நான் ஆயிரத்து இருநூறு டிகிரிய அடக்கி வெக்கறவன். உள்ள தீ நிக்கும். வெளிப்பக்கம் கைய வெச்சா சும்மா வெதுவெதுன்னு இருக்கும். நீங்க வந்து எனக்கு நாப்பது டிகிரிக்கு வழி சொல்றீங்களா?"

"சூட்ட உள்ளயே வெக்கறது வேற, வெளியிலயே நிறுத்தறது வேற சார்" என்றார் மதிவாணன். "சூளைக்குள்ள யாரும் படுத்துத் தூங்கறதில்ல."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். விருத்தகிரிக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தொழிற்பேட்டையில் நாலு கம்பெனிக்காரர்கள் சூளைக்குக் கோளாறு என்றால் அவரைத் தேடி வருவார்கள். அவர் வீட்டிலேயே, அவர் பெண்டாட்டி முன்னாலேயே, டைல்ஸ் ஒட்டுகிற ஒருவன் பாடம் நடத்துவதா? "நாங்க பாத்துக்கறோம், நீங்க கெளம்புங்க" என்றார். மதிவாணன் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தார்.

நீலாவதி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பார். அவள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "எனக்கு மூச்சு வுட முடியலைங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் அல்ல. கடையில் உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னாள். விருத்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை. வாய்தான் அவருக்கு நீளம், மனசு கெட்டதல்ல.

அந்த வாரம் கம்பெனியில் சூளைக்குப் பழைய பஞ்சைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டினார்கள். பஞ்சு என்றால் மெத்தைக்கு அடைக்கிற பஞ்சு அல்ல. மண்ணை உருக்கி இழையாக இழுத்துப் பாய்போலச் செய்தது. எந்தத் தீயிலும் எரியாது. சூளையின் உள்சுவர் முழுக்க அதை அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். வருஷக்கணக்காகத் தீயில் கிடந்து கிடந்து அது விறைத்து நொறுங்க ஆரம்பிக்கும்போது மாற்றுவார்கள். குப்பையில் போக இருந்ததில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு மினி வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார் விருத்தகிரி. கூடச் சூளையில் வேலை செய்யும் சாமிதுரை உதவிக்கு வந்தான்.

சூளைக்குப் பஞ்சு உள்பக்கம்தான். அதனால் வீட்டுக்கும் உள்பக்கம்தான். படுக்கையறைச் சீலிங்கில் ரீப்பர் கட்டை அடித்து, கம்பி கட்டி, அதில் பஞ்சைப் பாய் பாயாக ஏற்றினார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கீழே துணி கட்டலாம் என்றாள் நீலாவதி. தன் பழைய வாயில் புடவைகள் நாலை எடுத்து, தானே மிஷினில் ஓரம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். சூளையில் ஒரு விரற்கடை சந்து இருந்தாலும் விருத்தகிரி விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் அறையின் வென்டிலேட்டரையும் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்.

ரூம் நிஜமாகவே குளிர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். கூடத்தைவிட நாலு டிகிரி குறைவு. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தினமும் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த அறைக்குப் போய், அண்ணாந்து பார்த்து, "எப்படி இருக்குது நீலா?" என்பார்.

"நல்லா இருக்குதுங்க" என்பாள் அவள்.

சாமிதுரைக்கும் ஆசை வந்துவிட்டது. ஆலடி ரோட்டில் அவனுக்குச் சிமென்ட் ஷீட் போட்ட வீடு. பெண்டாட்டி திரௌபதி அப்போதுதான் மூன்று மாசக் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வந்திருந்தாள். "கொழந்த வெந்து போவுதுண்ணே" என்று அவன் சொன்னதும், மிச்சமிருந்த பஞ்சை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய் அவன் வீட்டுச் சீலிங்கில் கட்டிக் கொடுத்தார். திரௌபதி கறிக்குழம்பு வைத்துப் பரிமாறினாள். "உங்க புண்ணியத்துல என் புள்ள தூங்கும்ணே" என்றாள். அந்த வார்த்தையை நீலாவதியிடம் வந்து இரண்டு தடவை சொன்னார்.

பஞ்சு அரிக்கும். கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்தான். பிய்க்கிற அன்றைக்குக் கையெல்லாம் சிவந்து நமைச்சல் எடுக்கும்; தேங்காயெண்ணெய் தடவி வெந்நீரில் குளித்தால் மறுநாள் சரியாகிவிடும். தும்மல் வரும், இருமல் வரும், அதுவும் போய்விடும். முகமூடி கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறிகிற ஆட்கள் அவர்கள். முப்பது வருஷம் கையால் அளைந்த பொருள் மனிதனுக்குக் கெடுதல் செய்யும் என்று விருத்தகிரிக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் செய்த தப்பு அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகவும் முடியாது.

வைகாசியில் நீலாவதி இருமத் தொடங்கினாள். ஆனியில் அவள் ரவிக்கையின் கை முழங்கையைத் தாண்டி நீண்டது. என்ன இது என்று கேட்டதற்கு வேர்க்குரு என்றாள். படுக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். ஆடிக் காற்றில் புழுதி என்றார்கள், ஐப்பசியில் மழை ஈரம் என்றார்கள், மார்கழியில் பனி என்றார்கள். ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. பெரிய டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனபோது அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தூசி படற வேலை ஏதாவது பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க. வூட்டுலதான் இருக்குது" என்று விருத்தகிரி முந்திக்கொண்டு சொன்னார். நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு வந்த காவியா அம்மாவைப் பார்த்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர நீலாவதிக்கு நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு கோடையை அம்மா தாங்கமாட்டாள், அதற்குள் மாடி வேலையை முறையாகச் செய்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். பழைய நோட்டீஸிலிருந்த நம்பருக்கு அவளே பேசினாள். விருத்தகிரி இந்தத் தடவை தடுக்கவில்லை. அவள் சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மதிவாணன் இரண்டு ஆட்களோடு வந்தார். பழையதை எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல், "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார்.

மேலே வேலை ஆரம்பிப்பதற்கு முன், தளத்தின் அடிப்பக்கம் விரிசலோ கசிவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். படுக்கையறையில் ஏணி போட்டு ஏறித் துணியின் ஒரு மூலையை அவிழ்த்தார். புடவைத் துணி சரிந்து தொங்கியது. அதிலிருந்து வெள்ளைப் பொடி பொலபொலவென்று கொட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் அது கீழே இறங்காமல் அப்படியே நின்று மினுங்கியது.

மதிவாணன் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே குதித்தார். "அம்மாவ மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க. கதவ சாத்துங்க!"

வாசலுக்கு வந்ததும் கையிலிருந்த ஒரு துண்டுப் பஞ்சை விரலால் நசுக்கிக் காட்டினார். அது மாவாக உதிர்ந்தது. "இத யாரு சார் போட்டது?"

விருத்தகிரி வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. "ஒரு கான்ட்ராக்டருங்க. சேலத்து ஆளு. போன சித்திரையில வந்து போட்டுட்டுப் போனான்."

"அறிவு கெட்டவன்" என்றார் மதிவாணன். "சூளையில வெந்த பஞ்ச கொண்டாந்து மனுஷன் தலைக்கு மேல கட்டுவானா ஒருத்தன்? நெருப்புல கெடந்து கெடந்து இது கண்ணாடித் தூளா ஆயிடும் சார். கண்ணுக்குத் தெரியாது. மூச்சுல உள்ள போனா லேசுல வெளிய வராது. இத பிரிக்கற எடத்துல நாங்கல்லாம் மூஞ்சிய மூடிக்கிட்டுதான் நிப்போம். இளைப்பு இருக்கிற அம்மாவ இதுக்குக் கீழ படுக்க வெச்சிட்டுப் போயிருக்கானே படுபாவி. அவன் அட்ரஸ் இருந்தா குடுங்க. இன்னும் எத்தினி வூட்டுல போட்டு வெச்சிருக்கானோ!"

வாசற்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த நீலாவதிதான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"வுடுங்க தம்பி. திட்டாதீங்க. அவரு நல்ல மனுஷன்தான். தெரியாம செஞ்சிட்டாரு. ரொம்ப ஆசையா செஞ்சாரு."

"உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதாம்மா அவனுங்க பொழைக்கறானுங்க" என்று சொல்லிவிட்டு மதிவாணன் முகமூடி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

அவர் வண்டிச் சத்தம் அடங்கும்வரை விருத்தகிரி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"டாக்டருக்குத் தெரியற மாதிரி தெரியாதுங்க. அந்த ரூமுல படுத்தா அதிகமாவுது, கூடத்துல படுத்தா கம்மியாவுதுன்னு தெரியும். காலையில தலவாணியில வெள்ளையா இருக்கும். நீங்க எழுந்துக்கறதுக்குள்ள தட்டிடுவேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

கத்திவிட்டார். கத்தியதும் குரல் உடைந்துபோயிற்று. நீலாவதி அவர் கத்தி முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"இருபத்தெட்டு வருஷத்துல நீங்க எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதாங்க. தெனமும் வேலை வுட்டு வந்து, எப்படி இருக்குது நீலான்னு கேப்பீங்க. அதுக்கு முன்னாடி நீங்க என்ன எதுவும் கேட்டதில்ல. கேக்கற ஆளுகிட்ட நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

விருத்தகிரி அந்தப் படியிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், அவர் பார்க்கவில்லை. அவள் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாமிதுரை வூட்டுல போய் அதப் பிரிச்சிடுங்க" என்றாள். "அங்க கைக்கொழந்த இருக்குது."

"நாளைக்கே போறேன்" என்றார்.

நாளைக்குப் போகவில்லை. போனால் என்ன சொல்வது? மேஸ்திரி என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் சாமிதுரை. அவனிடம் போய், நான் கட்டிக் கொடுத்தது விஷம் என்பதா? அவனுக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால், நீலாவதியின் இருமலுக்கு யார் காரணம் என்று தொழிற்பேட்டையே கணக்குப் போட்டுவிடும். சிமென்ட் ஷீட் வீடு, நாலு பக்கமும் சந்து, காற்று வந்து போகும், அங்கே ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாடியில் டைல்ஸ் முடியட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப் போட்டார். மதிவாணனின் ஆட்கள் படுக்கையறைப் பஞ்சைப் பிரித்தெடுத்தார்கள், டைல்ஸும் முடிந்தது. அதற்குள் நீலாவதிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று.

அங்கே தினமும் அவள் கேட்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "போனீங்களா?" என்பாள். மூன்று நாள் இன்னும் இல்லை என்று சொன்னார். நாலாம் நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "போனேன். எல்லாத்தயும் பிரிச்சிப் போட்டாச்சி" என்றார்.

"கொழந்த எப்படி இருக்குது?"

"நல்லா கொழுகொழுன்னு இருக்குது. புடிச்சிக்கிட்டு நிக்குது."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாசி மகத்துக்குக் கோயிலில் கொடி ஏறிய மூன்றாம் நாள் நீலாவதி இறந்துபோனாள். பஞ்சுதான் காரணமா என்று விருத்தகிரி டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டர் தானாக எதுவும் சொல்லவில்லை; நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார். ஊர் திருவிழாக் கூட்டத்தில் நிரம்பிக் கிடந்தது. மணிமுத்தாற்றங்கரைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போக ஆட்களை விலக்கி விலக்கிப் போகவேண்டியிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து அழுது ஓய்ந்த பிறகு, வெயிலில் வந்த களைப்பில், "வூடு எப்படிக் குளுகுளுன்னு இருக்குது பாரு" என்று ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொண்டார்கள். விருத்தகிரி அதைக் கேட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்த தலையில் அந்தக் குளிர்ச்சி நன்றாகவே தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வெயிலும் நிழலும் தெரிந்தன.

பால் தெளித்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் எழுந்து சட்டையைப் போட்டார். காவியா ஓடி வந்தாள். "எங்கப்பா போறீங்க? பதினாறாம் நாள் காரியம் முடியாம யாரு வூட்டுக்கும் போவக் கூடாதுப்பா."

"தெரியும்மா. போயிட்டு வரேன்."

ஆலடி ரோடுவரை நடந்தே போனார். தீட்டு உள்ளவர் அடுத்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது, அதுவும் கைக்குழந்தை இருக்கிற வீடு. அது அவருக்குத் தெரியாதா என்ன? காத்திருந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் அந்தக் குழந்தை அதற்குக் கீழேதான் படுத்திருக்கும். செத்துப்போனவளிடம் சொன்ன பொய்யை இதற்குமேல் ஒரு நாளும் வைத்திருக்க முடியாது என்று பட்டது. தெருவிலேயே வெயிலில் நின்றுகொண்டு, "திரௌபதி" என்று கூப்பிட்டார்.

வெளியே வந்த திரௌபதி பதறிப்போய்க் கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். வாங்க என்றும் சொல்ல முடியவில்லை, வராதீங்க என்றும் சொல்ல முடியவில்லை. "அண்ணே... காரியம் முடியட்டும்ணே, நாங்களே வரோம்" என்றாள்.

"உள்ள வரலம்மா. மேல கட்டியிருக்கிற பஞ்ச பிரிச்சிப் போடணும். இன்னிக்கே. கொழந்தைக்கு ஆவாது."

"ஏன்ணே? அது இருக்கறதாலதான் வூட்டுல கால் வெக்க முடியுது. இப்ப வெயில் வர்ற நேரத்துல போய்..."

அவள் பேச்சை முடிப்பதற்குள் சாமிதுரை உள்ளேயிருந்து வந்தான். மேஸ்திரியின் மொட்டைத் தலையையும், பித்தான் மாற்றிப் போட்ட சட்டையையும் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் புத்தி பேதலித்து வந்திருக்கிறார் என்று நினைத்தான். இறங்கி வந்து கையைப் பிடித்தான்.

"வாங்கண்ணே, நான் கொண்டாந்து வூட்டுல வுடறேன். பஞ்ச அப்புறம் பாத்துக்கலாம். நாம இன்னா நேத்தா அதத் தொடுறோம்? கொஞ்சம் அரிக்கும், எண்ணெ தடவினா போயிடும். ஒண்ணும் ஆவாதுண்ணே."

இதே வார்த்தையைப் பத்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் விருத்தகிரிதான். கையை உதறினார். அக்கம்பக்கத்து வாசல்களில் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"நீலா அதாலதாண்டா செத்தா."

சாமிதுரைக்குப் புரியவில்லை. "யாருண்ணே சொன்னது? டாக்டரா?"

"டாக்டர் சொல்லல. யாரும் சொல்லல." தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார். "நான் சொல்றேன். அத அவ தலைக்கு மேல கட்டினவன் நான்தான். உன் வூட்டுல கட்டினவனும் நான்தான். கொழந்தையத் தூக்கிட்டு வெளிய வா திரௌபதி."

திரௌபதி ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே ஓடி, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு, தீட்டையெல்லாம் மறந்து, தெருவில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.